அம்மாவின் மூன்று விரல்கள்

தான் கழுவிய படியிலேயே வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டவர் என் அம்மா. இத்தாலியின் பலெர்மோவில் அவர் வேலை செய்த எசமானி அம்மாவின், அதாவது சினியோராவின் வீட்டுப் படிகள் அவை. படிகள் பளபளவென்று இருந்ததை மட்டும் யாரும் குறை சொல்ல முடியாது.

மாவுக்கட்டை வெட்டிய பிறகும் வலது கையின் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் உணர்வில்லாமல் விறைத்தே கிடந்தன. மாத முடிவுக்குள் வராவிட்டால் வேறு ஆள் பார்ப்பதாகச் சினியோரா சொல்லிவிட்டார். வேலை போனால் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க முடியாது. அது இல்லாமல் இந்த நாட்டில் இருக்கவும் முடியாது. "கை சுகம் எண்டு டொக்டர் சொல்லோணும், அவ்வளவுதான்" என்றார் அம்மா. அவர் ஒன்றை முடிவு செய்துவிட்டால் அப்பாவால் அசைக்க முடியாது. அப்பா முயல்வதும் இல்லை.

ஆஸ்பத்திரியில் நான்தான் மொழிபெயர்ப்பு. அப்போது எனக்கு எட்டு வயது. கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் விரல்நுனியைத் தொட்டு, எந்த விரல் என்று கேட்பார்களாம். முன்பு கை முறிந்த ஒரு மாமி சொல்லியிருந்தார். பஸ்ஸிலேயே அம்மா ஏற்பாட்டைச் சொன்னார். "டொக்டர் கேக்கேக்கை விரலின்ரை பேரையும் சேர்த்துச் சொல்லு." டொக்டருக்குத் தமிழ் தெரியாது என்பதுதான் எங்கள் மூலதனம். யாழ்ப்பாணத்தார் வீட்டில் சோதனை என்றால் பாஸ் பண்ண வேண்டும், எப்படி என்பது வேறு கதை.

டொக்டர் தொட்டார். "எந்த விரலாம் அம்மா, நடுவிரல்" என்றேன். "நடுவிரல்" என்றார் அம்மா. எல்லாம் சரி. டொக்டர் இருவரையும் பாராட்டினார். எனக்கு அவ்வளவு பெருமை.

அடுத்த வாரம் சாப்பிடும்போது அம்மா சோற்றைக் குழைத்து வாயருகே கொண்டுபோனார். விரல்களில் சோறு இல்லை. அது வழியிலேயே மடியில் விழுந்திருந்தது, அவருக்குத் தெரியவில்லை. நான் சிரித்தேன். அம்மா மடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து கை கழுவினார்.

"வெளிக்கிடு, ஆஸ்பத்திரிக்குப் போறம். இண்டைக்கு நீ விரலின்ரை பேர் சொல்லக் கூடாது."

நேரம் குறித்துக்கொண்டு வரும்படி தாதி சொல்லியும் அம்மா உட்கார்ந்திருந்த வாங்கை விட்டு எழும்பவில்லை. கடைசியில் அதே டொக்டர் கூப்பிட்டார், அதே பஞ்சு. மூன்று விரலுக்கும் அம்மா "தெரியேல்லை" என்றார். சின்னவிரல் மட்டும் சரி. எனக்கு வெட்கமாக இருந்தது. டொக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

பிறகு நீளமாக விளக்கினார். நரம்புக்குத் தமிழில் என்ன என்று எனக்குத் தெரியாது. "உள்ளுக்கை ஒரு கயிறு நெரிபடுதாம் அம்மா. கையைக் கீறி அதுக்கு இடம் விடோணுமாம். கீறாமல் அப்பிடியே விட்டால் பெருவிரலின்ரை பலம் போயிடுமாம். கீறினால் கன நாளைக்கு வேலை செய்யக் கூடாதாம்."

"கீறட்டும். ஓம் எண்டு சொல்லு."

வெளியே வந்ததும் அம்மா நடைபாதையில் நின்று அழுதார். கையைக் காப்பாற்ற வேலையை விட்டுவிட்டு நிற்கிறார் என்பது எனக்கு விளங்கவில்லை. சோதனையில் தோற்றதற்கு அழுகிறார் என்றுதான் நினைத்தேன்.

"அழாதேங்கோ அம்மா, அடுத்த முறை நான் திரும்பச் சொல்லித் தாறன்" என்று தேற்றினேன்.