அவசரம் இல்லை என்றேன்

எனக்கு எழுபத்தொரு வயது ஆகிறது. வளர்த்தது ஆறு பேர். நாலு நான் பெற்றது, ரெண்டு என் தங்கை விட்டுப்போனது. ஆறும் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் அந்த ஆறு பேருக்கும் கிடைக்காத ஒன்று எனக்குக் கிடைத்தது. நான் வாயால் சொன்ன பேச்சு அரசாங்கப் புத்தகத்தில் ஏறியது. அதைத்தான் சொல்கிறேன், என் பேத்தி எழுதிக்கொள்கிறாள். எனக்கு என் பெயரை எழுத வரும். பஸ் போர்டில் சூளகிரி எது, ஓசூர் எது என்று தெரியும். எழுத்தோடு என் பழக்கம் அவ்வளவுதான்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். ஒன்றியக் கவுன்சிலருக்கு நின்றேன், ஜெயித்தேன். ஒன்றிய அலுவலகத்து மாடியில் கூட்டம் நடக்கும். நீள மேசை, சுற்றிலும் நாற்காலி, ஒரே ஒரு மைக். மற்ற பெண் கவுன்சிலர்களின் வீட்டுக்காரர்கள் கூடவே வந்து கதவோரம் நிற்பார்கள். எதற்குத் தலையாட்ட வேண்டும், எதற்குப் பேசாமல் இருக்க வேண்டும் என்று கண்ணாலேயே ஜாடை காட்டுவார்கள். என் வீட்டுக்காரர் போய்ப் பத்து வருஷம் ஆகியிருந்தது. எனக்கு ஜாடை காட்ட ஆள் இல்லாததால் நானே பேச வேண்டியதாயிற்று.

முதல் கூட்டத்தில் தெருவிளக்கைப் பற்றிப் பேசினேன். மைக்கில் என் குரல் சுவரில் மோதித் திரும்பி வந்தபோது வேறு யாரோ பேசுகிறார்கள் என்று நினைத்து நிறுத்திவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து பேசினேன்.

அடுத்த கூட்டத்தில், போன கூட்டத்து நடவடிக்கையை எழுதிய தீர்மானப் புத்தகம் கையெழுத்துக்குச் சுற்றி வந்தது. எல்லாரும் படிக்காமலே போட்டார்கள்.

"என் பேச்சு எங்க இருக்கு? படிச்சிக் காட்டு சாமி" என்று எழுத்தரிடம் கேட்டேன். அவர் தெற்கத்திக்காரர், மாற்றலாகி வந்தவர்.

"மகளிர் உறுப்பினர் தெருவிளக்குகள் எரியாதது குறித்துப் பேசினார்" என்று படித்தார். நான் கால்மணி நேரம் பேசியதற்கு ஒரு வரி. இருந்தாலும் அந்த ஒரு வரியைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. திரும்பப் படிக்கச் சொன்னேன். பஸ்ஸில் வீடு வருகிற வரைக்கும் அதையே வாய்க்குள் சொல்லிக்கொண்டு வந்தேன். அன்றிலிருந்து என் பேச்சைப் படித்துக் காட்டாமல் நான் கையெழுத்துப் போட்டதில்லை.

"அக்கா, படிச்சதா வெச்சிக்கலாம், டீ ஆறுது" என்பார் தலைவர்.

"டீ ஆறட்டுங்க. என் பேச்சு ஆறக்கூடாது" என்பேன்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த ரோடு வந்தது. எங்கள் ஊர் ஏரி ஒன்றியத்துக்குச் சொந்தமானது. மேட்டுக் காட்டில் பெய்கிற மழையெல்லாம் ஒரே ஓடை வழியாகத்தான் அதற்குள் வர வேண்டும். அந்தப் பக்கம் புதிதாக வந்த ஒரு கம்பெனி, அந்த ஓடையை மூடி நேராக லாரி ரோடு போட்டுக்கொள்ள ஒன்றியத்தின் சம்மதம் கேட்டது. சுற்றிப்போக ஏற்கனவே ஒரு ரோடு இருக்கிறது. ஓடை போனால் ஏரி போச்சு, ஏரி போனால் எங்கள் தக்காளியும் ராகியும் போச்சு. தலைவர் அந்தப் பொருளைப் படித்ததும் எழுந்து, "அந்த ரோடு எங்களுக்கு அவசரம் இல்லீங்க" என்றேன். சரி என்று அடுத்த பொருளுக்குப் போனார்கள். ஏரியைக் காப்பாற்றிவிட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அதற்கடுத்த கூட்டத்தில் வழக்கம்போலப் படிக்கச் சொன்னேன். "மேற்படி சாலை தங்கள் பகுதிக்கு அவசரம் இல்லை என்று மகளிர் உறுப்பினர் தெரிவித்தார். பொருள் ஒத்திவைக்கப்பட்டது" என்று படித்தார் எழுத்தர். நான் சொன்ன 'அவசரம் இல்லை' அப்படியே இருந்தது. கடைசி வரி ஏதோ ஆபீஸ் பேச்சு என்று விட்டுவிட்டேன். சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டேன். டீ கூட வந்திருக்காது, தலைவர் தொண்டையைக் கனைத்தார்.

"போன தடவ தள்ளி வெச்ச ரோடு. அக்கா அப்ப அவசரம் இல்லன்னாங்க. இப்ப எடுத்துக்கலாமா?"

"அவசரம் இல்லன்னு சொன்னத எதுக்கு மறுபடியும் எடுக்கறீங்க?"

"அதான்க்கா, அப்ப இல்ல. இப்ப அவசரம் ஆயிடுச்சி."

"ஒரு மாசத்துல எப்பிடிங்க அவசரம் ஆவும்?"

"கம்பெனிக்காரங்களுக்கு அவசரமா இருக்கு."

"அவங்களுக்கு அவசரந்தான். எங்களுக்கு அவசரமே இல்ல. இன்னிக்கும் இல்ல, என்னிக்கும் இல்ல."

"அதத்தானம்மா நானும் எழுதியிருக்கேன்" என்றார் எழுத்தர், பாவம்.

எனக்குப் பக்கத்து நாற்காலி வேப்பனப்பள்ளிப் பக்கத்துப் பெண்ணுக்கு. எங்கள் வீட்டைப் போல அவள் வீட்டிலும் தெலுங்குதான், ஆனால் தமிழில் பத்தாவது வரைக்கும் படித்தவள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"அக்கா, நீ சொல்றது நம்ம வீட்டு அவசரம். அவரு எழுதினது தமிழ் அவசரம்" என்றாள். "நம்ம தெலுங்குல அவசரம்னா தேவை. இவங்களுக்கு அவசரம்னா சீக்கிரம். ரோடு தேவையில்லன்னு நீ சொன்ன. ரோடு வேணும், ஆனா மெதுவா போட்டா போதும்னு இவங்க எழுதிக்கிட்டாங்க. நீயும் கையெழுத்து போட்டுட்ட."

எனக்குக் காது சுட்டது. சின்ன வயதிலிருந்தே வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பஸ்ஸில் தமிழ் என்று மூன்றையும் பேசிவருகிறேன். ஒரே சொல் ஒவ்வொரு வாசலிலும் வேறு துணி கட்டிக்கொண்டு நிற்கும் என்று அன்றுவரை எனக்குத் தெரியவில்லை. நான் ஏரியைக் காப்பாற்றவில்லை. என் கையெழுத்தாலேயே ஓடையைப் பாதி மூடியிருக்கிறேன்.

"அத அடிச்சிடு சாமி" என்றேன்.

"கையெழுத்து போட்டுட்டீங்கள்லா. இனி தொடக் கூடாதும்மா."

"செரி, தொடாத. இன்னிக்கு நான் பேசறத எழுது." மைக்கை இழுத்துக்கொண்டேன். "அந்த ரோடு வேண்டாம். வத்து. பேடா. மூணையும் எழுது. எந்த ஊர்க்காரன் வந்து படிச்சாலும் ஒரே அர்த்தந்தான் வரணும்."

"அரசுப் பதிவேட்டுல தெலுங்கு, கன்னடமெல்லாம் எழுதப்படாதும்மா."

"தமிழ் எழுத்துலயே எழுது. யாரு வேணாங்கறாங்க?"

கன்னடம் பேசுகிற உறுப்பினர் ஒருவர், "பேடான்னு எழுதுங்க சார், பேடான்னு" என்று மேசையைத் தட்டினார். தலைவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "எழுதிடுங்க சார். இல்லன்னா அக்கா நம்மள வீட்டுக்கு விடாது."

எழுத்தர் எழுதினார். அவர் எழுதி முடிக்கிற வரைக்கும் நான் உட்காரவில்லை. பிறகு ஓடை எங்கிருந்து வருகிறது, எத்தனை காடு கழனி அந்தத் தண்ணீரைக் குடிக்கிறது, லாரி சுற்றிப்போனால் எவ்வளவு தூரம் என்றெல்லாம் சொன்னேன். ரோடு வேண்டாம் என்பவர்களைத் தலைவர் கை தூக்கச் சொன்னார். பக்கத்து நாற்காலிக்காரியின் வீட்டுக்காரர் கதவோரத்திலிருந்து வேண்டாம் வேண்டாம் என்று ஜாடை காட்டினார். அவள் அந்தப் பக்கம் திரும்பாமலே கையைத் தூக்கினாள். அவளைப் பார்த்து மற்றப் பெண்கள் தூக்கினார்கள். மேசையைத் தட்டியவர் இரண்டு கையையும் தூக்கினார், ஒன்றை இறக்கச் சொன்னார்கள். தலைவர் மட்டும் தூக்கவில்லை. சம்மதம் இல்லை என்று முடிவாயிற்று. அடுத்த கூட்டத்தில், புத்தகத்தின் அந்தப் பக்கத்துக்குக் கையெழுத்துப் போடுமுன் மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன்.

லாரிகள் இன்றைக்கும் பழைய ரோட்டில் சுற்றித்தான் போகின்றன. அந்த வருஷ மழைக்கு ஓடை புரண்டு வந்து ஏரி நிரம்பியபோது கரையில் நின்று, "அவசரம், அவசரம்" என்று சொன்னேன். பக்கத்தில் இருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

போதும். ஏம்மா, எழுதினத மொதல்லருந்து படி. டீ ஆறினா ஆறட்டும். அவசரம்னு வர்ற எடத்துலெல்லாம் நிறுத்து, அது எந்த அவசரம்னு நான் சொல்றன்.