சனிக்கிழமைச் சொற்கள்

யாராவது உங்களிடம் ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டபோது, "அப்புறம் சொல்றேன்" என்று நீங்கள் தள்ளிப்போட்டதுண்டா? நான் தள்ளிப்போட்டேன்.

போன வருடம். எங்கள் தீவு மலாயாவோடு சேரலாமா வேண்டாமா என்று காப்பிக்கடைகளில் எல்லாரும் அடித்துக்கொண்டிருந்த சமயம். சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால், ஒரு கடைவீட்டு மாடியில் எட்டுப் பிள்ளைகளுக்கு நான் இங்கிலீஷ் டியூஷன் எடுத்தேன். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். தலைக்கனத்துக்குக் கேட்கவா வேண்டும்? என் வகுப்புக்கென்று ஒரு சட்டம் போட்டிருந்தேன். பாடத்தில் இல்லாத சொல்லுக்கு நடுவில் பொருள் கேட்கக் கூடாது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைக்க வேண்டும், சனிக்கிழமை மொத்தமாகச் சொல்வேன். நோட்டுகள் என்னிடமே இருக்கும். பிரமாதமான ஏற்பாடு என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அதில் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி. அப்பா ஹார்பரில் மூட்டை தூக்குகிறவர், காசநோய் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். அம்மா நாலு வீட்டில் துணி துவைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய்ப் பார்த்து வருவார். அந்த வீட்டில் இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத் தெரிந்தது இவளுக்கு மட்டும்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை பாடத்துக்கு நடுவில் கையைத் தூக்கினாள்.

"சார், ரெண்டு வார்த்தைக்கு மீனிங் வேணும்."

"பாடத்துல இருக்கா?"

"இல்ல சார், வீட்டுக்கு ஒரு லெட்டர்..."

"உனக்கு மட்டும் தனி ரூல்ஸா? கடைசிப் பக்கத்துல எழுது லா."

பிள்ளைகள் சிரித்தார்கள். நானும்தான். அவள் உட்கார்ந்து எழுதிக்கொண்டாள்.

சனிக்கிழமை அவள் வரவில்லை. நோட்டைத் திறந்தேன். கிரிட்டிக்கல். இம்மீடியட்லி. பக்கத்தில் தமிழில், 'அப்பா ஆஸ்பத்திரி லெட்டர்'. நிலைமை மோசம், உடனே வா. இதைச் சொல்ல எனக்கு அரை நிமிடம் ஆகியிருக்குமா?

அவள் வீட்டுக்கு ஓடினேன். அப்பா வியாழக்கிழமையே போய்விட்டார். ஆஸ்பத்திரி ஆள் வந்து சொன்ன பிறகுதான் இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அவள் அம்மா எனக்கு உட்கார ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"ரெண்டு வார்த்தை தெரியல, சார் சனிக்கிழமை சொல்லுவாருன்னு பாப்பா சொல்லுச்சு தம்பி. நாமதான் ஞாயித்துக்கிழமை போறோமேன்னு இருந்துட்டேன். மூஞ்சிய ஒரு தரம் பாத்திருப்பேன்."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அந்தப் பெண் சுவரோரமாக நின்று தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சட்டத்தை அன்றே தூக்கிப் போட்டுவிட்டேன். இப்போது எந்தப் பிள்ளை வாயைத் திறந்தாலும் பாடத்தை நிறுத்திவிடுகிறேன், எதற்குக் கேட்கிறாய் என்றும் கேட்கிறேன். அன்றைக்கு அந்த ஒரு கேள்வியைக் கேட்காத என்னை என்ன செய்வதென்றுதான் இன்னும் தெரியவில்லை.

அவள் வகுப்புக்கு வந்துகொண்டுதான் இருக்கிறாள். தெரியாத சொல் வந்தால் பக்கத்தில் இருப்பவளிடம் கேட்கிறாள்.