கில்பட் சேர் போட்ட புள்ளடி

கில்பட் சேரிடம் நேரம் கேட்கச் சனம் பயப்படும். மணி சொல்வதற்கு முன் நாட்டு நிலைமையைச் சொல்லத் தொடங்கிவிடுவார். கற்பிட்டியில் கணிதம் படிப்பிக்கிற மனிதர்தான். ஆனால் துறையடியில் மஹ்மூதாவின் தேநீர்க் கடையில் உட்கார்ந்தால் கணக்கைத் தவிர மற்ற எல்லாம் வாயில் வரும். அமைச்சர் மாறினால் பாடவிதானம் மாறுகிறதே, பிள்ளையின் மூளை என்ன மீன்கடைப் பலகையா, அழித்து அழித்து எழுதுவதற்கு? பத்து வயதுப் பிள்ளைக்குப் புலமைப்பரிசில் என்று ஒரு போட்டி எதற்கு? தவணைப் பரீட்சைக்குத் திகதி குறிக்கிறவர்கள் ஒரு தடவையாவது காற்றைப் பற்றிக் கேட்டார்களா? காற்று மாறக் குடும்பம் குடும்பமாகச் சனம் மீன்வாடி மாறுகிற மாதத்தில் எந்தப் பிள்ளை வந்து எழுதும்? இப்படியே போகும். எதிரே பிளேன்டீ ஆறிப் பச்சைத் தண்ணீராகிவிடும். மனிதர் ஆற மாட்டார்.

"கொழும்புக்குக் கேக்கட்டும் எண்டுதான் இவ்வளவு சத்தமாக் கதைக்கிறார்" என்பாள் அவர் மனைவி மாக்கிறட். அதற்கும் சிரிப்பார். வாழ்க்கையில் பெரிய குறை என்று அவருக்கு ஒன்றும் இல்லை. கதைக்க நாடு இருக்கிறது, கேட்கக் கடை இருக்கிறது, எதிர்த்துக் கதைக்கச் சவிரிமுத்து இருக்கிறார். வேறென்ன வேண்டும்?

சவிரிமுத்து உச்சமுனைத் தீவுக்காரர். இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்த பிறகு தொழிலுக்குப் போவதில்லை. ஆனாலும் மகன்மாரின் படகு மீன் கொண்டு வரும்போதெல்லாம் தானும் ஏறி வந்துவிடுவார், கில்பட் சேரோடு சண்டை பிடிக்க. சேர் அந்தத் தீவுப் பள்ளிக்கூடத்தில் பல வருடம் படிப்பித்தவர். ஓலைக் கொட்டிலாக இருந்ததற்கு ஓடு போட வைத்ததும், வலயக் கல்விப் பணிமனைக்கு அலைந்து அலைந்து கதிரை மேசை வாங்கியதும் அவர்தான். இடமாற்றம் வந்து இக்கரைக்கு வந்தபோதும் மனம் அங்கேயே கிடந்தது.

எண்ணெய்க்கு வரிசையில் நின்ற காலம் முடிந்து ஒரு தேர்தல் வந்தது. எது என்று கேட்காதீர்கள். நமக்குத்தான் தேர்தலுக்குப் பஞ்சமே இல்லையே. சிறிய பள்ளிக்கூடங்களை மூடிப் பெரியவற்றோடு சேர்க்கப்போவதாக ஒரு கட்சி சொன்னது. சேருக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது; அதை எதிர்த்து நின்ற ஆளுக்குத்தான் புள்ளடி போடவேண்டும் என்று கடையில் கத்தினார். தீவுப் பிள்ளை தினமும் படகேறியா பள்ளிக்கூடம் வரும்? அதே கட்சி மீனவருக்கு மண்ணெண்ணெயும் மலிவாகத் தருவதாகச் சொன்னது. சவிரிமுத்து அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார்.

"சவிரியண்ணே, இண்டைக்கி எண்ணெயத் தந்திட்டு நாளைக்கிப் பள்ளிக்கூடத்தப் பூட்டுவாங்க!"

"அடுப்பெரியாட்டி எந்தப் பிள்ள சேர் படிக்கும்? முதல்ல படகு ஓடட்டும்."

தேர்தல் நாள் வரைக்கும் இந்தச் சண்டை ஓடி, கடைக்காரி மஹ்மூதாவுக்கே காது வலித்துவிட்டது.

பிறகுதான் வேடிக்கை. தேர்தல் கடமைக்குத் தீவுக்குப் போக ஆள் கிடைக்காமல், கில்பட் சேரையே தலைமை அலுவலராக உச்சமுனைக்கு அனுப்பினார்கள். வாக்கெடுப்பு அதே பள்ளிக்கூடத்தில். கூடப் போன ஜபார் தில்லையடிக்காரர், மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் எழுதுவினைஞர். படகில் ஏறும்போதே சொல்லிவிட்டார்:

"சேர், இண்டைக்கி மட்டும் வாய்க்கு நோன்பு."

சேர் நோன்பைக் காத்தார். காலையிலிருந்து பெயர், இலக்கம், மை, அடுத்தவர். அவ்வளவுதான். வந்த சனமெல்லாம் அவர் முகத்தைப் பார்த்து, மனுசனுக்குச் சுகமில்லையோ என்று தங்களுக்குள் கதைத்துக்கொண்டது.

வெயில் ஏறும் நேரம் சவிரிமுத்து மகள் றஜிதாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். கண் தெரியாதவருக்குப் பதிலாகத் துணைக்கு வந்தவர் வாக்குச்சீட்டில் புள்ளடி போடலாம். அதற்கான பத்திரத்தைக் கிராம சேவகரிடம் எடுத்துத் தயாராக வைத்திருந்தாள் றஜிதா. வாசலில் வந்ததும் கிழவர் கையை உதறினார்.

"மகள் வெளியில நிக்கட்டும். சேர் போட்டுத் தரட்டும்."

"பப்பா! இவ்வளவு அலைஞ்சு பேப்பர் எடுத்தது பிறகு எதுக்கு?" றஜிதாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

சேரைக் கேட்கக் கிழவருக்கு உரிமை இருந்தது. இன்னோர் அலுவலர் பார்த்திருக்க, தலைமை அலுவலர் போட்டுக் கொடுக்கலாம்; யாருக்கு என்று இருவரும் வெளியே சொல்லக்கூடாது. சேரும் ஜபாரும் அவரை மட்டை மறைப்புக்குப் பின்னால் கூட்டிப்போனார்கள். மறைப்பு வைத்திருந்தது, சேர் அலைந்து வாங்கிய மேசைகளில் ஒன்றின் மேல். கடலில் கத்திப் பழகிய தொண்டை சவிரிமுத்துவுக்கு. அன்றைக்கு மட்டும் சேரின் காதோடு வாயை வைத்து மெதுவாகச் சொன்னார்.

அந்த மண்ணெண்ணெய்க் கட்சிதான்.

அடப் பாவி மனுசா! நாக்கு நுனிவரை வந்ததைச் சேர் விழுங்கினார். இந்த மேசையிலேயே வைத்தா இந்தப் பள்ளிக்கூடத்துக்குக் குழி தோண்டச் சொல்கிறாய்? வெளியே றஜிதா பொலிஸ்காரரோடு வாதாடும் சத்தம் கேட்டு ஜபார் ஒரு கணம் வாசல் பக்கம் திரும்பினார். சேரின் கையில் பேனை. எதிரே வெள்ளை படர்ந்த இரண்டு கண்கள். ஒரு கோடு தள்ளிப் போட்டால் போதும், யாருக்குத் தெரியப்போகிறது? நினைத்தார். மறைப்பானேன், நினைக்கத்தான் செய்தார்.

பிறகு கிழவர் சொன்ன கட்டத்துக்குள், யாரும் நிராகரிக்க முடியாதபடி, கரும்பலகையில் போடுவதுபோல நேராக ஒரு புள்ளடி போட்டார். ஜபாரைக் கூப்பிட்டுக் காட்டினார். சீட்டை மடித்துக் கிழவரின் கையில் வைத்துப் பெட்டியடிக்கு நடத்திப் போனார். போகும்போது சவிரிமுத்து மறுபடி காதுக்குள் சொன்னார்:

"மகள ஏன் விட்டிட்டு வந்தன் தெரியுமா சேர்? அவ உங்களிட்டப் படிச்சவ. உங்கட வாய்தான் அவளுக்கும். பேனையக் குடுத்தா உங்கட ஆளுக்குப் போட்டிட்டு, 'ஓம் பப்பா, நீங்க சொன்னதுக்குத்தான்' எண்டுவா. நீங்க வாயால எவ்வளவும் சண்ட பிடிப்பீங்க. கையால ஏமாத்த மாட்டீங்க."

சேருக்கு அன்றைக்கு வாய்க்கு நோன்பு என்பது நல்லதாகப் போயிற்று. திறந்திருந்தால் அழுகைதான் வந்திருக்கும்.

தேர்தல் முடிந்தது. யார் வென்றார், யார் தோற்றார் என்று சேரைக் கேட்டால் விடியும்வரை சொல்வார்; நமக்கு வேண்டாம். தீவுப் பள்ளிக்கூடம் இன்னும் திறந்துதான் இருக்கிறது. அடுத்த கிழமை சவிரிமுத்து படகில் வந்து இறங்கி, மஹ்மூதாவின் கடையில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கடை நிறைய ஆட்கள்.

"எல்லாரும் கேளுங்க!" பழைய தொண்டை திரும்பிவிட்டது. "இந்த முற நான் தோத்திட்டன். சேர் சொன்ன ஆளுக்குத்தான் என்ட புள்ளடி!"

கடை ஆரவாரித்தது. "ஓமா சேர்? நீங்கதானாமே போட்டுக் குடுத்தது!" என்றாள் மஹ்மூதா.

பிழையான விடையை ஒருநாளும் திருத்தாமல் விட்டதில்லை அந்த மனிதர். கிழவரைப் பார்த்தார். கிழவர் எங்கேயோ பார்த்துக்கொண்டு ஒன்றும் தெரியாதவர்போலச் சிரித்துக்கொண்டிருந்தார். சேர் வாயைத் திறந்தார், பிளேன்டீயை எடுத்தார், குடித்தார். அந்தக் கடையில் அவர் அதைச் சூடாகக் குடித்தது அன்றைக்குத்தான்.