திரைக்கு முறித்த நெட்டி

எங்கள் கையுறை பெக்டரி வியட்நாமில் ஒரு கிளை திறந்தபோது, அங்குள்ள பெண்களுக்கு வேலை பழக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் இலங்கையில் நிவித்திகலப் பக்கத்துத் தோட்டத்துக்காரி. தமிழும் சிங்களமும் தண்ணீர் பட்ட பாடு. இங்கிலீஷ் தட்டுத் தடுமாறி வரும். அவர்களுக்கோ இந்த மூன்றும் தெரியாது. இங்கிலீஷ் தெரிந்த ஒரு தம்பி அங்கிருந்து மொழிபெயர்ப்பான். அவன் இல்லாத நாளில் கைதான் பேச்சு.

பீங்கான் கை அச்சில் காய்ந்திருக்கும் ரப்பர் கையுறையைக் கிழியாமல் உரிக்க வேண்டும். இங்கிருந்தபடியே வீடியோ கோலில் நான் உரித்துக் காட்டுவேன்; பார்த்து அவர்கள் உரிப்பார்கள். ஒல்லியான ஒரு பெண்ணுக்கு மட்டும் எல்லாமே மணிக்கட்டில் கிழிந்தன. அந்த வாரத்துக்குள் பழகாவிட்டால் வேலை போய்விடும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவளைப் பார்த்தால் எரிச்சலும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

வியாழக்கிழமை அவள் உரித்தாள். ஒன்று, இன்னொன்று, பிறகு தட்டு நிறைய. ஒரு கீறல் இல்லை. மொழிபெயர்க்கும் தம்பி அன்று லீவு. வந்த சந்தோஷத்தில், திரையில் தெரிந்த அவள் முகத்தை இரண்டு கையாலும் வழித்து, என் நெற்றிப்பொட்டில் வைத்துப் படபடவென்று நெட்டி முறித்தேன். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது இல்லையா? ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவள்தான் நான். பாதர் பார்த்திருந்தால் முறைத்திருப்பார்.

அவள் முகம் வாடிப்போனது. மறுநாள் வேலைக்கு வரவில்லை.

தம்பி விசாரித்துச் சொன்னான். நான் அவளை வேண்டாமென்று தள்ளிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேனாம். வேலை போய்விட்டது என்று அழுதுகொண்டே வீட்டுக்குப் போயிருக்கிறாள். திருஷ்டியை இங்கிலீஷில் எப்படி விளங்கப்படுத்துவது? நான் பேசப் பேச அவன்தான் குழம்பினான். கடைசியில், அவள் வீட்டுக்கே போய் எனக்கு வீடியோ கோல் எடுக்கச் சொன்னேன்.

அன்று மாலை எங்கள் லயத்து வீட்டு வாசலில் என் மகளைப் பிடித்துப் போனுக்கு முன்னால் நிறுத்தினேன்.

"ஐயோ அம்மா, என்னைய எதுக்கு இழுக்குறீங்க? மூஞ்சிகூட கழுவல."

"சும்மா நில்லுடி."

அவள் முகத்தை வழித்து நெட்டி முறித்தேன். மகள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். இழுத்து அணைத்து உச்சியில் முத்தம் கொடுத்துவிட்டுத் திரையைப் பார்த்தேன்.

"ஒனக்கும் இதத்தான் செஞ்சேன், புள்ள."

தமிழில்தான் சொன்னேன். தம்பியால் அதை மொழிபெயர்க்க முடியாது. திரையில் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவள் வராத நாளுக்கு நான் மேலிடத்தில் பேசிச் சமாளித்தேன். திங்கட்கிழமை தன் இடத்தில் இருந்தாள். பாடம் முடிந்து நான் கேமராவை அணைக்கப் போனபோது, இரண்டு கைகளையும் திரைக்கு நீட்டி என் முகத்தை மெதுவாக வழித்தாள். பிறகு தன் நெற்றிப்பொட்டில் வைத்து அழுத்தினாள். ஒரு விரலிலும் நெட்டி முறியவில்லை.

அம்மா போன பிறகு எனக்கு இதைச் செய்ய ஆளில்லை. கேமராவை அணைக்க மனம் வராமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.