சுவரோரம் உட்கார்ந்த யானைக்குட்டி

நகரியில் நெசவாளர் தெருவைத் தாண்டி, ஏரிப் பக்கம் இருக்கிற அங்கன்வாடியில் நான் ஆயா. சமைப்பேன், பெருக்குவேன், பிள்ளைகளுக்கு மூக்கைத் துடைத்து விடுவேன். படிப்பு ஐந்தாவது வரைக்கும்தான். நாலு பேர் முன்னால் வாயைத் திறக்கக் கூச்சம். அதனால் பாட்டு, ஆட்டமெல்லாம் டீச்சரம்மா பொறுப்பு.

அவர் பாடினால் பிள்ளைகள் ஒரு கையைத் தும்பிக்கையாகத் தொங்கவிட்டு யானை நடை நடப்பார்கள். தவளை என்றால் தத்துவார்கள். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்குழந்தை மட்டும் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும். கூப்பிட்டாலும் எழாது.

ஒரு மத்தியானம் டீச்சரம்மா மீட்டிங்குக்குப் போயிருந்தார். குழந்தையைக் கூட்டிப்போக அதன் அம்மா வந்தாள். வீட்டிலேயே பவர்லூம் ஓட்டுகிறவள்.

"இன்னைக்கும் இப்படியேதான் குந்திக்கினு இருந்துச்சா, ஆயாம்மா?"

"சோறு நல்லா துன்னுச்சும்மா. ஆட்டத்துக்குத்தான் எழல."

"அப்ப நாளையில இருந்து வேணாம். இங்க குந்துறத வீட்லயே குந்தட்டும்."

நாள் முழுக்கத் தறிக்குப் பக்கத்தில் இந்தச் சின்னது எப்படி இருக்கும்? "வீட்லயும் இப்படித்தானா?" என்றேன்.

"எங்க, தறி ஓடுறப்போ பின்கட்டுல குதிச்சிக்கினு கெடக்கும். கரண்ட் போய் தறி நின்னா மட்டும் சுவரோரம் குந்தணும்னு பழக்கி வச்சிருக்கேன். சத்தமில்லன்னு கிட்ட வந்துடும்ல. கரண்ட் எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்? வந்தா தறி தானா ஓடும், கை மாட்டிக்கும்."

சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். தறிச் சத்தம் எங்கள் அங்கன்வாடிக்கு எட்டாது. இரண்டு பேரும் குழந்தையைப் பார்த்தோம். பாவம், அது கரண்ட் வரட்டும் என்று காத்திருந்திருக்கிறது.

கையிலிருந்த கரண்டியால் ஒரு தட்டில் தட்டினேன். டக்கடக், டக்கடக், தறி ஓடுகிற மாதிரி. குழந்தை தலையைத் தூக்கியது. இனி யாராவது பாட வேண்டுமே. பெற்றவள் வேறு எதிரில் நிற்கிறாள். கண்ணை மூடிக்கொண்டு, "யானை வருது, வழி விடு" என்று தொடங்கினேன். கண்ணைத் திறந்தபோது, குழந்தை கையைத் தொங்கவிட்டு நடந்துகொண்டிருந்தது. மற்றதுகள் பின்னால் வால் பிடித்துப் போயின.

"ஆயாம்மா, யானைய விட உனக்குத்தான் ஆட்டம் ஜாஸ்தி," என்று சிரித்தாள் அம்மா.

அப்போதுதான் என் இடுப்பும் ஆடுவது தெரிந்தது. வெட்கத்தில் கை நின்றுவிட்டது.

குழந்தையும் நின்றது. சுவரைப் பார்த்தது. சத்தம் இல்லாமலும் ஆடிப் பழகட்டும் என்று நான் தட்டவில்லை, பாட்டை மட்டும் விடவில்லை.

"இங்க தறி இல்லடி. நட," என்றாள் அம்மா.

தும்பிக்கை மெல்ல ஆடியது.

அவள் வாசல்படியில் உட்கார்ந்துகொண்டாள். "இன்னும் ஒரு சுத்து சுத்தட்டும், ஆயாம்மா. நாளைக்குக் காலையிலயே கொண்டாந்து வுடறேன்."