பேசிக்கொண்டே ஓடியது

மாரத்தான் ஓட்டத்துக்குப் பெயர் பதிகிற மேசையில் இருந்த பெண் "ஆஃப்ங்களா, ஃபுல்லுங்களா?" என்று கேட்டாள். நான் எதையும் பாதியாகச் செய்து பழகியவன் இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, பதினைந்து பேர் வேலை செய்கிற மோட்டார் பட்டறையை உருவாக்கியவன். "ஃபுல்லே போடுங்க" என்று சொல்லிவிட்டேன். ஃபுல் என்றால் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. அறுபத்து மூன்று வயதில் திரும்பப் போய், மாற்றி எழுதுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வருமா? பயிற்சியில் இறங்கிவிட்டேன்.

இதே வயதில்தான் என் அண்ணன் போனார். வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர் வரப்பில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. ஒரு வாரம் முன்னால் "நெஞ்சுல என்னமோ புடிச்சாப்பல இருக்குதுடா" என்று என்னிடம் சொன்னார். வாயுவாக இருக்கும் என்று சொன்னது நான்தான். ஓட ஆரம்பித்த இரண்டாவது வாரம் எனக்கும் இடப்பக்கம் அந்தப் பிடிப்பு வந்தது. யாரிடமும் மூச்சு விடவில்லை.

டாக்டரிடமும்தான். தொந்தரவு ஏதாவது உண்டா என்று கேட்டவரிடம், "கல்லத் தின்னாலும் செரிக்கிற ஒடம்புங்க இது" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "சரிங்க, ஓடுங்க. ஆனா பேசிக்கிட்டே ஓடோணும். பேச்சுத் திணறுச்சுன்னா அந்த எடத்துலயே நின்னுக்கோணும்" என்றார்.

கூட வந்திருந்த என் சம்சாரம், "பேசறதுதானுங்களே டாக்டர், அதுல இவர ஒருத்தரும் ஜெயிக்க முடியாதுங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வடவள்ளியிலிருந்து தொண்டாமுத்தூர் சாலையைப் பிடிப்போம். நான் ஓட, அவள் ஸ்கூட்டியில் பக்கத்திலேயே மெல்ல வருவாள், கொக்கியில் மோர் பாட்டிலை மாட்டிக்கொண்டு. நான் என் கதையைச் சொல்லிக்கொண்டே ஓடுவேன். வாடகைக் கொட்டகையில் தொடங்கியது, முதல் மோட்டாருக்குச் செம்புக் கம்பியை செட்டு செட்டாகச் சுற்றி நானே காயில் கட்டியது, முதல் லேத் வந்து இறங்கியது, என்ஜினியரிங் படித்தவன் தலையைச் சொறிந்த கோளாறை நான் காதால் கேட்டே கண்டுபிடித்தது. பெருமையடிக்கிறேன் என்று அவள் நினைத்திருப்பாள். பெருமைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் திணறாமல் வருகிறதா என்றே என் கவனம் இருந்தது.

பத்தாவது கிலோமீட்டரில் கதை தீர்ந்துவிடும்.

"இதப் போன வாரமே சொல்லிப்போட்டீங்க."

"ரெண்டாவது வாட்டி கேட்டுப் பாரு அம்மிணி, இன்னும் நல்லா இருக்கும்."

அதுவும் தீர்ந்தபின், வாய் நின்றுவிடுமோ என்ற பயத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தேன். பந்தலில் பாகற்காய் பூத்திருக்கிறது. பாக்குத் தோப்புக்குள் பனி இன்னும் கலையவில்லை. அந்த வீட்டு நாய்க்கு ஒரு காது மடங்கியிருக்கிறது. முப்பது வருஷமாக இதே சாலையில் காரில் போனவன் இதில் ஒன்றையும் பார்த்ததில்லை. பார்க்கப் பார்க்கக் கால் வலி கூட மறந்துபோகும். ஒருநாள் சாலை நடுவே யானை லத்தி கிடந்தது. "இன்னும் ஆவி பறக்குது பாரு" என்றேன். "ஐயோ, வாய மூடிட்டு வேகமா ஓடுங்க!" என்றாள். டாக்டர் பேச்சை அவள் மீறச் சொன்னது அன்றைக்கு மட்டும்தான்.

போன மாதம் தொண்டாமுத்தூர் தாண்டி ஒரு மேட்டில் ஏறிக்கொண்டிருந்தேன். தக்காளிச் செடிக்கு மூங்கில் நட்டிருப்பதைச் சொல்ல வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. இடப்பக்கம் யாரோ முறுக்கிப் பிடித்த மாதிரி இருந்தது. அண்ணன் உட்கார்ந்த மாதிரியே சாலையோரம் உட்கார்ந்தேன். அப்படி உட்கார்ந்தது தெரிந்ததும் எழுந்திருக்கப் பார்த்தேன், முடியவில்லை.

அவள் வண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். "பேசுங்க. ஏனுங்க, என்ன பாத்துப் பேசுங்க."

உதடுதான் அசைந்தது.

அவள் என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "மொத மோட்டாருக்குக் காயில் கட்டுனது நாந்தான் நாந்தான்னு ஊரெல்லாம் சொல்றீங்களே, அது நீங்களா? நீங்க காச்சல்ல படுத்துக் கெடந்தீங்க. கட்டுனது நானு!"

"கடைசி செட்டு... நாந்தான் கட்டுனேன்!" என்று கத்தினேன்.

"அப்பாடா" என்று அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் சொன்னது உண்மைதான். அந்தக் கடைசி செட்டிலும் பாதி அவள் கட்டியது. அதை ஒப்புக்கொள்வதற்குப் பதில் வேறொன்றைச் சொன்னேன். "நெஞ்சுல ரெண்டு மாசமாப் புடிப்பு இருக்குது அம்மிணி. அண்ணனுக்கு வந்தாப்பலயே. எனக்குப் பயமா இருக்குது."

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. "ஏறுங்க" என்றாள்.

அவள் ஓட்ட நான் பின்னால் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. வடவள்ளி வந்தும் வீட்டுப் பக்கம் திருப்பாமல் நேராக ஆஸ்பத்திரிக்கு விட்டாள். என் முகம் அவளுக்குத் தெரியாது. அதனால் கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை, திரும்பிப் பார்க்காமல், "ஏனுங்க?" என்று கூப்பிட்டுக்கொண்டே ஓட்டினாள்.

"இருக்கறேன், ஓட்டு" என்றேன், ஒவ்வொரு தடவையும்.