சராசரி அயனி

அந்த ஆய்வகத்தில் அவளுக்கு அலைக்காரி என்று பெயர். சூரியனிலிருந்து வீசும் மின்னேற்றத் துகள்களின் ஓட்டத்துக்கு நடுவே, வடிவம் மாறாமல் நிற்கும் பெரிய அலைகளைக் கணக்கிடுவது அவள் வேலை. "ஓடற அலையப் பாக்கவே யாரும் சம்பளம் தரமாட்டாங்க, நிக்கிற அலைக்கு உனக்குத் தர்றாங்களே" என்று உடன் குடியிருக்கும் அக்கா கிண்டலடிப்பாள். அதுவும் ஒப்பந்த வேலைதான். கையிலிருக்கும் கட்டுரை அவள் பெயரோடு வெளிவந்தால்தான் வேலை நீளும்.

அந்த ஓட்டத்தில் பெரும்பாலும் இலேசான ஹைட்ரஜன் அயனிகள், இடையிடையே கனத்த ஹீலியம் அயனிகள். சேர்ந்து போனாலும் இரண்டுக்கும் ஒத்துப்போகாது. ஒன்று தயங்கினால் மற்றது முந்தும். இந்த இழுபறியில்தான் அலை எழும்பி, இருபுறமும் சிறு சிறு மடிப்புகளாகத் தேய்ந்து நிற்கும். விண்கலம் அனுப்பிய பதிவிலும் அதே மடிப்புகள் இருந்தன. தன் கணக்கில் வந்த கோடு அதன்மேல் அப்படியே பொருந்திய அன்று அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

குழுத் தலைவருக்கு ஒரு பழக்கம் உண்டு. எத்தனை வகை அயனி இருந்தாலும் எடையைச் சராசரியாக்கி, எல்லாவற்றையும் ஒரே அயனியாக்கிவிடுவார். சமன்பாடுகள் பாதியாகிவிடும், கணினியும் மதியத்துக்குள் விடை சொல்லிவிடும். அப்படி ஓர் அயனி எங்கேயாவது உண்டா என்றால் கிடையாது. இல்லாத அந்தத் துகளை வைத்தே பேரும் புகழும் வாங்கிய மனிதர் அவர்.

கட்டுரை அவரிடமிருந்து திரும்பி வந்தபோது அவள் எழுதிய பகுதியைக் காணோம். அந்த இடத்தில் சராசரி அயனி உட்கார்ந்திருந்தது. கீழே ஒரு வரி: இங்கே அலை எதுவும் இல்லை, பதிவில் தெரியும் மடிப்புகள் கருவியின் கோளாறு. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே அவர் அறைக்குப் போனாள்.

"சார், என் கணக்கையே எடுத்துட்டீங்க."

"எடுக்கலம்மா, சுருக்கினேன். ஹீலியம் நூத்துல ரெண்டு மூணு இருக்குமா? அதுக்குப் போய் எட்டுப் பக்கமா?"

"அந்த ரெண்டு மூணு இல்லன்னா அலையே கிடையாது சார். சண்டை போடற ரெண்டு பேரை ஒரே ஆளாக்கிட்டு, வீட்ல சத்தமே இல்லன்னு எழுதினா எப்படி?"

அவர் சிரித்தார்.

"கருவிக் கோளாறுன்னு எதை வெச்சு எழுதினீங்க?"

"என் கணக்குல அலை வரலையே. வேற என்ன காரணம் இருக்க முடியும்?"

என்ன திமிர்! இவர் கணக்கில் வராதது வானத்திலும் இருக்கக் கூடாதாம். இராப்பகலாக அந்தக் கருவியைச் செய்தவர்கள் தலையில் பழியைத் தூக்கிப் போட இவருக்கு ஒரு வரி போதுமாம்.

"உன் பேர் ரெண்டாவதா அப்படியே இருக்கு. சரின்னு ஒரு வார்த்தை சொல்லு, அடுத்த வருஷமும் இங்கயே இருக்கலாம்" என்றார், ஏதோ தானம் கொடுப்பதைப் போல.

அவள் தன் மேசைக்கு வந்தாள். வீட்டு வாடகை ஞாபகம் வந்தது, பயமாகவும் இருந்தது. ஆனாலும் கட்டுரையைத் திறந்து தன் பெயரை அழித்து அவருக்கே திருப்பி அனுப்பினாள். அவர் எழுந்தே வந்துவிட்டார்.

"பேர் இல்லன்னா வேலையும் இல்ல. தெரியுமில்ல?"

"தெரியும் சார். இருக்கிற அலைய இல்லன்னு சொல்றதுக்கு என் பேர் வேண்டாம்."

கட்டுரை ஒரு கேள்வியும் இல்லாமல் வெளிவந்தது. அவள் வேறு வேலை தேடிக்கொண்டிருந்தபோது அதே ஆய்வகத்தின் விளம்பரம் கண்ணில் பட்டது. பலவகை அயனிகளைத் தனித்தனியே வைத்து அலைகளைக் கணக்கிடத் தெரிந்தவர் அவசரமாகத் தேவையாம்.

அக்கா அதை வாங்கிப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இது நீதானேடி?"